மூன்று புள்ளி ஆறு சென்டிமீட்டர்

என் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது எழுபத்திரண்டு. கணவர் காலமாகி ஒன்பது வருடங்கள் ஆகின்றன. பள்ளிப் படிப்பு முழுவதும் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில். அதன் பிறகு ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடங்கள் வேலை பார்த்தேன். அதில் கடைசிப் பதினான்கு வருடங்கள் பேட்டர்ன் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பில் இருந்தேன். துணியில் கத்தரி படுவதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் அளவெடுத்துக் காகிதத்தில் வெட்டிக் கொடுப்பது அந்தப் பிரிவின் வேலை. எனக்கு ஒரே மகள். மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். அவளும் அவள் கணவரும் ஆறு வருடங்களாக என் வீட்டில் என்னோடு இருக்கிறார்கள். இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருப்பவர் என் மகளின் கணவர். காயம்பட்டவர் அவருடைய தாயார், அதாவது என் சம்பந்தியம்மா.

விபத்து நடந்த அன்று மாலை மருத்துவமனை வராந்தாவில் வைத்து என்னிடம் ஒரு வாக்குமூலம் வாங்கினார்கள். காரின் பின்னால் இருந்த பெட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அது மாப்பிள்ளையின் விஷயம் என்று அதில் சொல்லியிருக்கிறேன். அது பொய். பதினேழு நாள் கழித்து இன்று நானாகவே நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. செய்த தப்புகளை வாரம் ஒருமுறை, நடந்த வரிசையில், காரணம் சேர்க்காமல் சொல்லப் பள்ளியில் பழக்கியிருந்தார்கள். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

மாப்பிள்ளை ஒரு தொழிற்சாலையின் ஊழியர் பேருந்து ஓட்டுநர். பன்னிரண்டு வருடங்களில் அவர் பேருந்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. வீட்டில் இருக்கும் சிறிய கார் என் கணவருடையது. பின்கதவு மேலே தூக்கித் திறக்கும் வகை. அந்தக் காரில் ஒரு வாசனைப் புட்டி தொங்கவிடுவதானால்கூட மாப்பிள்ளை என்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்வார்.

இரண்டு மாதங்களுக்கு முன் அவர் பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் ஒன்றைக் கொண்டு வந்து சாப்பாட்டு மேஜை மேல் வைத்தார். பாட்டில் வரும் பேஸ் என்ற அடித்தொண்டைச் சத்தத்துக்கு மட்டும் உள்ள ஸ்பீக்கர் அது என்றார். "மேஜை மேல வைக்க இது என்ன சாப்பாடா?" என்று கேட்டேன். உடனே எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனார். அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போனபோது, அவர் அட்டைப்பெட்டியின் மூடியில் பேனாவால் படம் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரைத் தனியாக வைத்தால் வெறுமனே படபடக்கும், அதற்கு ஒரு மூடிய பெட்டி வேண்டும், பெட்டிக்குள் இருக்கும் காற்று சரியான அளவில் இருந்தால்தான் சத்தம் முழுசாக வரும், கூடவே வந்த தாளில் அறுபத்தைந்து லிட்டர் என்று போட்டிருக்கிறது என்று விளக்கினார். படத்தில் ஒரு கோடாவது நேராக இல்லை.

"ஸ்கேல் வைக்காம போட்டா அது கோடா, மண்புழுவா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"நீங்க பின்னாடி நிக்கறீங்கல்ல அத்தை, அதுதான் நெளியுது" என்றார்.

ஆறு வருடங்களில் அவர் என்னைக் கேலி செய்தது அதுதான் முதல் தடவை. நான் சிரிக்கவில்லை. உள்ளே போய் என்னுடைய இரும்பு ஸ்கேலையும் பிரவுன் காகிதச் சுருளையும் எடுத்து வந்தேன்.

அதன் பிறகு பெட்டியின் அளவு முழுவதும் நான் போட்டது. காரின் டிக்கியை மூன்று தடவை அளந்தேன். பின் சீட்டின் சாய்மானத்தில் இருந்து கதவு மூடும் விளிம்பு வரை நாற்பத்து மூன்றரை சென்டிமீட்டர் இருந்தது. ஒன்றரை சென்டிமீட்டர் விட்டுவிட்டு, பெட்டியின் ஆழம் நாற்பத்திரண்டு என்று முடிவு செய்தேன். உயரம் முப்பத்து நான்கு, அகலம் நாற்பத்தாறு. பெருக்கிப் பார்த்தால் அறுபத்தைந்து லிட்டருக்குச் சற்று மேலே வந்தது. அடி, மேல், பக்கங்கள் இரண்டு, முன், பின் என்று ஆறு பலகைகளுக்கும் காகிதம் வெட்டினேன். முன் பலகையும் பின் பலகையும் மற்ற நான்கின் விளிம்பு மேல் மூடி உட்கார வேண்டும் என்று ஓரத்தில் எழுதினேன். காகிதத்தை டிக்கிக்குள் விரித்துப் பார்த்தபோது சரியாக உட்கார்ந்தது.

மாப்பிள்ளை காகிதங்களைச் சுருட்டும்போது, "அத்தை, பலகை கனம் கழிச்சாச்சா?" என்று கேட்டார்.

"முப்பத்தொரு வருஷம் அளவு எழுதிக் கொடுத்தவகிட்டயா கேக்கறீங்க?" என்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

நான் கழிக்கவில்லை. துணிப்பை தைப்பவள் அடித்துண்டுக்கும் பக்கத்துண்டுக்கும் ஒரே விளிம்பை வைத்து அளப்பாள், துணியின் கனம் கணக்கில் வராது. தையலுக்கு விடும் இடமும் உள்பக்கமாகத்தான் மடியும். பலகை அப்படி மடியாது. அந்தப் பலகை பதினெட்டு மில்லிமீட்டர் கனம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஆழம் நாற்பத்திரண்டு அல்ல, நாற்பத்தைந்து புள்ளி ஆறு. என் வாழ்நாள் முழுவதும் காகிதத்தையும் துணியையும் மட்டுமே அளந்ததால் வந்த தப்பு அது. ஆனால் அவர் கேட்டபோது ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

அதன் பிறகு மரக்கடையில் என் காகிதத்தின்படி பலகைகளை அறுத்துக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வேலை முடிந்து வந்ததும் மாலையில் ஒன்றரை மணி நேரம் ஷெட்டில் வேலை நடக்கும். பதினோரு நாட்கள் நடந்தது. திருகாணிக்கு இடம் நான் தையல் சாக்கட்டியால் குறித்தேன். ஸ்பீக்கருக்கான வட்டத்தை நூல் கட்டிப் போட்டேன், அவர் வெட்டினார். மூட்டுகளில் சிலிக்கான் பூசிய பிறகு பெட்டிக்குள் ஒரு பல்பை எரியவிட்டு, ஷெட் கதவைச் சாத்திவிட்டு, வெளிச்சம் எங்கேயாவது கசிகிறதா என்று இரண்டு பேரும் பெட்டியைச் சுற்றி முழங்காலில் நகர்ந்து பார்த்தோம். ஓர் இடத்தில் கசிந்தது, பூசினார். உள்ளே ஒட்டுவதற்குப் பஞ்சுத் துணியை நான் தைத்துக் கொடுத்தேன். வெளியே சாம்பல் நிறக் கார்ப்பெட் துணி. மூலைகளில் ஒரு மடிப்புக்கூடத் தெரியாமல் வெட்டினேன். பதினோராம் நாள் ஸ்பீக்கரைப் பொருத்தி, ஷெட்டிலேயே ஒரு பேட்டரி வைத்து ஓடவிட்டார். அலமாரியில் இருந்த ஆணி டப்பாவின் மூடி தானாக நகர்ந்து கீழே விழுந்தது. மகள் உள்ளிருந்து வந்து, "என்னம்மா, ரெண்டு பேரும் சிரிக்கிற மாதிரி கேட்டுச்சே?" என்றாள். நான் இல்லை என்றேன்.

பெட்டியின் வெளியளவை நான் ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை. மற்றவர்களின் அளவைச் சரிபார்ப்பதுதான் என் வழக்கம்.

சம்பந்தியம்மா பத்தாம் நாளே வந்திருந்தார். வயது அறுபத்தேழு. முப்பது வருடங்களாக இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். இப்போதும் அவரே நின்று தேய்க்கிறார். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று கண் மருத்துவரைப் பார்க்க வந்தார். அவர் வந்தால் நான் அதிகம் பேச மாட்டேன். அவர் பேசும் விதம் எனக்குப் பிடிக்காது, அவர் தொழிலையும் நான் மதித்ததில்லை. அவருக்கு அது தெரியும். ஷெட்டில் நான் சாக்கட்டியோடு நிற்பதைப் பார்த்துவிட்டு அவர், "ஆறு வருஷத்துல என் பையனுக்கு உங்க கையால ஒரு டம்ளர் காப்பி போட்டதில்ல, பாட்டுப் பெட்டிக்குச் சட்டை தைக்கறீங்களாக்கும்" என்றார்.

"பெட்டி கேள்வி கேக்காது, சம்பந்தி" என்றேன்.

"அளவு தப்புச்சுன்னா பெட்டியும் கேக்கும்" என்றார். அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். நான் அதை நினைவில் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. காலை பத்தரைக்குக் கண் மருத்துவரிடம் இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை பின் சீட்டின் சாய்மானத்தை முன்னால் மடக்கி, பெட்டியை டிக்கியில் இறக்கினார். கதவை மூடினார். மூடியது. அதன் பிறகு ஒயர் இணைப்பதற்காகப் பின்கதவைத் திறந்து, பெட்டிக்குப் பக்கத்தில் தலையை நுழைத்துக்கொண்டு வேலை செய்தார். சாய்மானத்தை நிமிர்த்திப் பூட்டும்படி என்னிடம் சொன்னார். சம்பந்தியம்மா கைப்பையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

நான் சாய்மானத்தை நிமிர்த்தினேன். பூட்டும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே பெட்டியில் இடித்து நின்றது. மறுபடி அழுத்தினேன். அந்தச் சாய்மானத்தின் இரண்டு பக்கமும் கொக்கி உண்டு. கொக்கி மாட்டாவிட்டால் மேலே உள்ள குமிழுக்கு அடியில் சிவப்பு அடையாளம் தெரியும், மாட்டினால் மறைந்துவிடும். இரண்டு பக்கமும் சிவப்புத் தெரிந்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மனதுக்குள் பதினெட்டையும் பதினெட்டையும் கூட்டினேன்.

பெட்டியை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தால் உள்ளே போயிருக்கும். ஸ்பீக்கர் மேலே பார்த்திருக்கும், அவ்வளவுதான். இதுவும் எனக்குப் பிறகு தோன்றியதல்ல, அப்போதே தெரியும். ஆனால் ஏன் படுக்க வைக்க வேண்டும் என்று சம்பந்தியம்மா கேட்பார்.

பெட்டிக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளை, "அத்தை, சாயங்காலம் வந்து தரையில நாலு போல்ட் போட்டுடறேன். அதுவரைக்கும் சீட்டுதான் தாங்கணும். லாக் ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

"ஆயிடுச்சு" என்றேன்.

அதன் பிறகு நான் இன்னொன்றும் செய்தேன். மீந்த சாம்பல் நிறத் துணியில், நீல நூலால் ஓரம் தைத்து, சாய்மானத்தின் மேல்விளிம்புக்கு ஓர் உறை தைத்து வைத்திருந்தேன். அன்று மாட்டுவதாக இருக்கவில்லை. வீட்டுக்குள் போய் அதை எடுத்து வந்து, இரண்டு குமிழ்களும் மறையும்படி மாட்டி, கையால் நீவிவிட்டேன். மாப்பிள்ளை எழுந்து வந்து பார்த்து, "பிரமாதம் அத்தை" என்றார்.

புறப்படும்போது நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். "முன் சீட்டு மகாராணிக்கு, பின் சீட்டு துணி மூட்டைக்கு" என்று சொல்லிக்கொண்டே சம்பந்தியம்மா ஓட்டுநருக்குப் பின்னால் ஏறினார். பின்னால் உட்கார்ந்தால் எனக்குத் தலை சுற்றும், எப்போதும் முன்னால்தான் உட்காருவேன். அது உண்மை. சாய்மானம் பூட்டவில்லை என்று தெரிந்தே அவரைப் பின்னால் ஏற விட்டேன் என்பதும் உண்மை. இந்த இரண்டில் எதை முதலில் எழுதுவது என்று அதிகாரி கேட்டார். இரண்டையும் எழுதச் சொன்னேன்.

வழியில் மாப்பிள்ளை பாட்டு வைத்தார். சம்பந்தியம்மா, "டேய், முதுகுல யாரோ குத்தற மாதிரி இருக்குடா" என்றார். "அதுதாம்மா பேஸ்" என்றார் மாப்பிள்ளை. வண்டி நாற்பதுக்கு மேல் போகவில்லை. நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தேன், மெதுவாகப் போகச் சொல்லி இரண்டு தடவை சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. பத்து இருபதுக்குச் சந்தைக் கடைகளைத் தாண்டி வளையும் இடத்தில், தண்ணீர் கேன் கட்டிய சைக்கிள் ஒன்று சந்துக்குள்ளிருந்து குறுக்கே வந்தது. மாப்பிள்ளை பிரேக் போட்டார். சைக்கிள்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளை போட்ட பிரேக்கில் எந்தத் தப்பும் இல்லை, வேறு யார் ஓட்டியிருந்தாலும் அந்தச் சைக்கிள்காரர் பிழைத்திருக்க மாட்டார்.

பெட்டியின் எடை ஸ்பீக்கரோடு முப்பத்தொரு கிலோ. அது சாய்மானத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. சம்பந்தியம்மா மடிந்த சாய்மானத்துக்கும் ஓட்டுநர் சீட்டுக்கும் நடுவில் இருந்தார். அவர் கத்தவில்லை. பாட்டு நிற்கவில்லை. எதை அழுத்தினால் அது நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை இறங்கி ஓடிவந்து பெட்டியைத் தூக்கினார். தனியாளாகத் தூக்கினார்.

சாய்மானத்தை நிமிர்த்தும்போது உறை கழன்று கீழே விழுந்தது. அவர் குமிழைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதன் பிறகு அந்த உறையை எடுத்து நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

சம்பந்தியம்மாவுக்கு வலது காறை எலும்பும் இரண்டு விலா எலும்புகளும் முறிந்தன. வலது தோளில் நரம்பு அடிபட்டிருக்கிறது. கை தோளுக்கு மேல் இனித் தூக்க வருமா என்று ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் மருத்துவர். இஸ்திரிப் பெட்டி பிடிக்கிற கை அது.

மாப்பிள்ளை அன்றே, அளவு எடுத்தது, பெட்டி செய்தது, சீட்டைப் பூட்டாமல் விட்டது எல்லாம் தானே என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டியபோது நான் தலையாட்டினேன். மறுநாள் அவரை ஓட்டுநர் வேலையில் இருந்து நிறுத்தி வைத்தார்கள். உரிமம் ரத்தாகும் என்கிறார்கள். ஜாமீனில் வந்த அன்று அவர் ஷெட்டுக்குப் பின்னால் எதையோ எரித்தார். நான் பிறகு போய்ப் பார்த்தபோது சாம்பலுக்குள், பலகைக் காகிதங்களைச் சேர்த்து நான் குத்தி வைத்திருந்த குண்டூசிகள் கிடந்தன. என் கையெழுத்து இருந்த காகிதங்களை எரித்திருக்கிறார். அன்று சாப்பிடும்போது மகள் அவரிடம், "பூட்டினேனா இல்லையான்னு கூடவா தெரியாது உங்களுக்கு? பெத்த அம்மாவை உக்கார வைக்கறோமேன்னு பாக்க வேண்டாமா?" என்று கேட்டாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, "தெரியல" என்றார். நான் அதே மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அன்று முதல் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

நேற்று நான் மருத்துவமனைக்குத் தனியாகப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சம்பந்தியம்மா கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் உட்கார்ந்ததும் அவரே பேசினார்.

"என் பையன் மேல கோவமா இருக்கீங்களா, சம்பந்தி?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அவன் அவசரக்காரன் இல்ல. சின்னதுல ஒரு பட்டன் மாட்டவே அரை மணி நேரம் ஆகும். எப்பிடி விட்டான்னுதான் புரியல." பிறகு, "அந்த உறை நீங்க தைச்சதுதானே? ஏறும்போதே பாத்தேன். ஒரு சுருக்கம் இல்ல. நானே தேய்ச்சுப் போட்ட மாதிரி இருந்துச்சு. சொல்லணும்னு நெனச்சேன், உங்ககிட்ட சொல்ல வாய் வரல" என்றார்.

அவருடைய டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவரிடம் சொல்ல முடியாமல் போனதையும் குற்றமாகவே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இத்துடன் இரண்டு பொருள்களை ஒப்படைக்கிறேன். ஒன்று, நீல ஓரம் தைத்த உறை. இன்று காலை மாப்பிள்ளையின் பையில் இருந்து எடுத்தேன், அவருக்குத் தெரியாது. இரண்டாவது, ஆறு பலகைகளின் காகித அளவு. அவர் எரித்தது வேலைக்குக் கொடுத்த பிரதி. பேட்டர்ன் பிரிவில் எதை வெட்டினாலும் மூலப் பிரதி ஒன்றைத் தனியாக வெட்டி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொக்கியில் மாட்டிவிடுவோம். எது தப்பாகப் போனாலும் யார் கை என்று பிறகு தெரிய வேண்டும் என்பதற்காக நானே அங்கே கொண்டு வந்த வழக்கம் அது. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. இதுவும் என் அலமாரிக் கொக்கியில்தான் இத்தனை நாளும் தொங்கியது. ஒவ்வொரு முறை அலமாரியைத் திறந்தபோதும் பார்த்தேன்.

எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நடுவில் ஒருமுறை பேனாவை வைத்துவிட்டு, "அம்மா, அவர் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரு. இந்த வயசுல நீங்க ஏம்மா?" என்று கேட்டார். என் வயதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன் என்றேன். மேற்கொண்டு எழுதினார்.

எழுதியதை முழுவதும் எனக்குப் படித்துக் காட்டினார்கள். இரண்டு இடங்களில் எண்களைத் திருத்தச் சொல்லி, திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், நல்ல நினைவோடு சொன்னேன். இதில் உள்ளது அத்தனையும் நடந்தது. ஆனால் அன்று காலை பூட்டிவிட்டதா என்று கேட்டவரிடம் ஆயிடுச்சு என்று சொன்ன வாய்தான் இதையும் சொல்கிறது. ஆகையால் என் சொல்லை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். பெட்டி உங்கள் வளாகத்தில் காருக்குள் இருக்கிறது. முதலில் என் காகிதத்தை அளந்து பாருங்கள், நாற்பத்திரண்டு இருக்கும். பிறகு பெட்டியை அளந்து பாருங்கள்.

(கையெழுத்து)